மாநாட்டுக்கு வந்தவர் மாநகரையும் பார்க்கலாம்: ஒரு நாளைக் கூட்டுங்கள், ஓர் அமர்வைக் குறைக்காதீர்கள்

கோலாலம்பூர் - ஆசிரியர் மாநாடு, தாதியர் கருத்தரங்கு, கூட்டுறவுச் சங்கப் பேராளர் கூட்டம் என்று பெயர் எதுவாக இருந்தாலும், இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்தில் தெரியும் காட்சி ஒன்றுதான். காலையில் நிறைந்திருந்த நாற்காலிகளில் பாதி காலி. கடைசி வரிசையில் சிலர் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் மணி பார்க்கிறார்கள். இன்னும் சிலர் தேநீர் இடைவேளையோடு புறப்பட்டுவிடுவார்கள். பத்துமலையோ கேஎல்சிசியோ மஸ்ஜிட் இந்தியாவோ அவர்களுக்காகக் காத்திருக்கிறது.

செய்தி சேகரிக்கப் போகும் எங்களுக்கு இது பழகிய காட்சி. ஆனால் அந்த நேரத்தில் மேடையேறுபவருக்கு அது பழகியிருக்காது. பெரிய பெயர்களுக்கு முதல் நாள் காலை நேரத்தைக் கொடுத்துவிடுவார்கள். முதல் முறையாகக் கட்டுரை படைக்க வரும் இளையவருக்குத்தான் பெரும்பாலும் கடைசி அமர்வு கிடைக்கும். முப்பது பிள்ளைகள்கூட இல்லாத தோட்டப் பள்ளியில் தான் செய்து பார்த்த வாசிப்புத் திட்டத்தைச் சொல்ல, பல வாரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்திருப்பார். அவர் பேசுவது காலி நாற்காலிகளிடம்.

எழுந்து போனவர்களையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. கூலிமிலிருந்தோ குளுவாங்கிலிருந்தோ வருபவருக்குத் தலைநகர்ப் பயணம் ஆண்டுக்கு ஒரு முறை அமைந்தாலே அதிகம். பிள்ளைக்கு இரட்டைக் கோபுரம் காட்டுவதாகச் சொல்லியிருப்பார். அம்மாவுக்குப் பத்துமலை வேண்டுதல் இருக்கும். சொந்தச் செலவில் இன்னொரு முறை வருவது எளிதல்ல. ஒரே பயணத்தில் இரண்டையும் முடிக்க நினைப்பதில் தவறில்லை. அதற்கான நேரத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் தவறு நேர்கிறது.

ஆகவே, மாநாட்டோடு ஊரையும் பார்க்க நினைப்பவர்கள் முன்கூட்டியே செய்யவேண்டியவற்றையும், ஒரு மாலையும் ஒரு பகலும் கிடைத்தால் கோலாலம்பூரில் எதைப் பார்க்கலாம் என்பதையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் விடுப்பு

மாநாட்டு அழைப்பு கைக்கு வந்த அன்றே நாள்காட்டியைப் பாருங்கள். மாநாடு வெள்ளியும் சனியும் என்றால் ஞாயிற்றுக்கிழமை உங்களுடையது. வியாழனோடு முடிந்தால் வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் விடுப்பு போதும்.

இதில் வடக்கிலும் கிழக்குக் கரையிலும் இருந்து வருபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரில் விடுமுறையாக இருக்கும் ஞாயிறு அங்கே வேலை நாள். சுங்கைப் பட்டாணி ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமை முடியும் மாநாட்டுக்கு வந்து, மறுநாள் ஊர் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தால் பள்ளியில் அன்று அவர் பெயருக்கு எதிரே கேள்விக்குறி விழும். ஜொகூர்காரர்களுக்கு 2025 முதல் சனியும் ஞாயிறும் விடுமுறை என்பதால் இந்தக் கவலை இல்லை.

தனியார் துறையில் வேலை செய்பவர்களுக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் ஆண்டு விடுப்பை உறுதி செய்கிறது. ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்குக் குறைந்தது 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 12 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 16 நாள். அதில் ஒரு நாளை மாநாட்டின் வாலில் சேர்த்துக்கொள்ளலாம். ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் தங்களுக்கு உரிய விடுப்பை முன்னதாகவே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

வாய்மொழியாகக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ‘மாநாடு இந்தத் தேதியில் முடிகிறது, மறுநாள் சொந்த விடுப்பு, அதற்கு மறுநாள் வேலைக்குத் திரும்புவேன்’ என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும். திரும்பி வந்தபின் யாரும் ‘ஊர் சுற்றப் போனார்’ என்று முணுமுணுக்க இடமிருக்காது. சிறிய ஊரில், சிறிய பள்ளியில், அந்த முணுமுணுப்பு அடுத்த முறை அனுமதி கேட்கும் இளையவரைத்தான் முதலில் பாதிக்கும்.

இரண்டு உறை, இரண்டு கணக்கு

பணத்தில் குழப்பம் வருவது பெரிய தொகையால் அல்ல, சின்னச் சின்ன ரசீதுகளால்தான். புறப்படும்போதே இரண்டு உறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ‘வேலை’ என்றும் மற்றொன்றின் மேல் ‘சொந்தம்’ என்றும் எழுதிவிடுங்கள். ரசீது கைக்கு வந்ததும் உரிய உறைக்குள் போகட்டும். இரவு அறையில் உட்கார்ந்து பிரிக்கலாம் என்று விட்டால் நடக்காது.

மாநாட்டுக் கட்டணம், ஊரிலிருந்து வந்து திரும்பும் பயணச் செலவு, மாநாட்டு இரவுகளின் அறை வாடகை ஆகியவை முதல் உறைக்குரியவை. கூடுதலாகத் தங்கும் இரவு, பத்துமலைக்குப் போன செலவு, குடும்பத்தாரின் சாப்பாடு எல்லாம் இரண்டாவது உறைக்குரியவை. கூடுதல் இரவின் வாடகைக்குத் தனி ரசீது எழுதித் தரும்படி தங்கும் விடுதியில் முதல் நாளே சொல்லிவிட்டால் கடைசி நேர அலைச்சல் மிச்சம்.

மாநாட்டில் மதியச் சாப்பாடு கொடுத்தார்கள் என்றால் அதே சாப்பாட்டுக்கு நிறுவனத்திடம் படி கேட்கக்கூடாது. மனைவி, பிள்ளைகள் அதே அறையில் தங்குவதானால், அதனால் வாடகை கூடுகிறதா என்று முன்னரே கேளுங்கள். கூடினால் அந்த வேறுபாடு உங்களுடையது. சந்தேகம் வந்தால் குமாஸ்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளவேண்டும். அமர்வு நேரத்தில் வெளியே போய் வழியில் விபத்து நேர்ந்துவிட்டால், வேலை நிமித்தமாக வந்தபோது நடந்தது என்று நிறுவுவது கடினம். இழப்பீட்டுக்கு அலையும் நிலை குடும்பத்துக்கு வரக்கூடாது. விடுப்பு எடுத்துக்கொண்டு ஊர் பார்ப்பவருக்கு, இது சொந்த நாள் என்ற தெளிவாவது இருக்கும்.

வருவதும் தங்குவதும்

பெர்லிஸ், கெடா, பினாங்கு, பேராக் பக்கமிருந்து வருபவர்களுக்கு இடிஎஸ் மின் இரயில் வசதியானது. ஈப்போவிலிருந்து ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரலில் இறங்கலாம். பள்ளி விடுமுறையிலும் பெருநாள் காலத்திலும் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். மாநாட்டுக்குப் பதிந்த அன்றே, திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டை இரண்டாம் நாள் பிற்பகலுக்குப் போட்டுக்கொள்வதால்தான் பலர் கடைசி அமர்வில் பெட்டியோடு உட்கார நேர்கிறது. தெற்கிலிருந்து பேருந்தில் வருபவர்கள் பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்தில் இறங்கினால், அங்கிருந்தே நகர இரயில்களைப் பிடிக்கலாம்.

மாநாடு நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அறை வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஏதாவது ஓர் இரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இருந்தாலே போதும். உலக வாணிப மையத்தில் மாநாடு என்றால் வாசலருகே எல்ஆர்டி நிலையம் இருக்கிறது. கேஎல்சிசி மாநாட்டு மையமும் அப்படியே. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் தங்கினால் கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி, கொம்யூட்டர், இடிஎஸ் மூன்றும் கிடைக்கும். மோனோரயிலும் எம்ஆர்டியும் நடக்கும் தூரம். மரக்கறிச் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டியதில்லை.

டச் என் கோ அட்டையில் பணம் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். நகர மையத்தில் ஓடும் கோகேஎல் பேருந்தில் மலேசியர்களுக்குக் கட்டணம் இல்லை. மைகாட்டும் கையில் இருக்கட்டும்.

ஒரு மாலை: கோயிலிலிருந்து திடல் வரை

முதல் நாள் அமர்வு மாலை ஐந்தரைக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று இரவு உணவு ஏற்பாடு எதுவும் இல்லையென்றால் மூன்று மணி நேரம் உங்கள் கையில். பாசார் செனி நிலையத்தில் இறங்குங்கள். எல்ஆர்டி, எம்ஆர்டி இரண்டும் அங்கே நிற்கும்.

சில நிமிட நடையில் ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1873இல் தொடங்கப்பட்ட இக்கோயில் 1885இல் இப்போதிருக்கும் இடத்துக்கு வந்தது. தைப்பூசத்தையொட்டி வெள்ளி இரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இந்த வாசலிலிருந்துதான். தொலைக்காட்சியில் மட்டுமே அதைப் பார்த்த தோட்டத்துப் பிள்ளைக்கு, இரதம் புறப்படும் வாசலில் நிற்பதே பெரிய விஷயம்.

அங்கிருந்து நடந்தால் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் முனை வரும். ‘சேறு கலந்த கழிமுகம்’ என்ற பொருளில் கோலாலம்பூருக்குப் பெயர் வந்தது இந்த இடத்தால்தான். 1857இல் ஈயம் தேடி ஆற்றில் வந்தவர்கள் இங்கேதான் கரையேறினார்கள். முனையில் நிற்கும் மஸ்ஜிட் ஜாமேக் 1909இல் கட்டி முடிக்கப்பட்டது.

ஆற்றைத் தாண்டினால் டத்தாரான் மெர்டேக்கா. எதிரே 1897இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். 1957 ஆகஸ்டு 30ஆம் தேதி நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது இந்தத் திடலில். மறுநாள் காலை துங்கு சுதந்திரப் பிரகடனம் வாசித்த மெர்டேக்கா அரங்கமும் இங்கிருந்து தூரமில்லை. வரலாற்றுப் பாடத்தில் இரண்டு வரியில் கடந்துபோகும் இந்த இடங்களை அரை மணி நேர நடையில் இணைத்துவிடலாம். விளக்குகள் ஏற்றிய பிறகு படம் எடுக்கவும் நன்றாக இருக்கும். பிற்பகலிலும் மாலையிலும் திடீர் மழை வரும் ஊர் இது. குடை அவசியம்.

ஒரு பகல்: பத்துமலை, பிரிக்பீல்ட்ஸ், அரும்பொருளகம்

மாநாடு முடிந்த மறுநாளை இப்படி அமைத்துக்கொள்ளலாம். அறையைக் காலி செய்து பெட்டியை விடுதி வரவேற்பிடத்தில் ஒப்படைத்துவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் கேஎல் சென்ட்ரலிலிருந்து பத்துமலைக்குக் கொம்யூட்டர் ஏறுங்கள். அந்தத் தடத்தின் கடைசி நிலையம் பத்துமலைதான், வழி தவற வாய்ப்பில்லை. இரயில் அடிக்கடி வராது என்பதால் போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் முதல் நாள் இரவே பார்த்து வைக்கவேண்டும்.

42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. சிலைக்குப் பின்னால் 272 படிகள். படியேறும் இந்தச் சுண்ணாம்புக் குன்று சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையானது. இங்கே முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தவர் தம்புசாமிப் பிள்ளை. 1892 முதல் தைப்பூசம் நடந்து வருகிறது. மூட்டுவலி உள்ள அம்மா அப்பாவை அழைத்து வந்திருந்தால் படியேறச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அடிவாரத்திலும் சன்னதிகள் உண்டு. ஒருவர் கீழே துணைக்கு இருக்க, மற்றவர்கள் ஏறி இறங்கி வரலாம். கையில் சாப்பாட்டுப் பை இருந்தால் குரங்குகளிடம் கவனம் தேவை.

பதினொரு மணி வாக்கில் கேஎல் சென்ட்ரல் திரும்பினால் மதிய வாழையிலைச் சாப்பாடு பிரிக்பீல்ட்ஸில். செங்கல் சூளைகள் இருந்ததால் வந்த பெயர் அது. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கிய பிறகு, மரமும் அத்தாப்புமாக இருந்த நகரைச் செங்கல்லில் கட்டத் தொடங்கினார்கள். பின்னர் இரயில்வேயில் வேலை செய்த இந்தியர்களும் யாழ்ப்பாணத் தமிழர்களும் குடியிருந்த வட்டாரமாக இது வளர்ந்தது. 2010 அக்டோபரில் லிட்டில் இந்தியா என்று அதிகாரபூர்வமாகத் தொடக்கம் கண்டது.

பூ, பட்டு, பலகாரம் வாங்கும் அவசரத்தில் சாலையின் பெயர்ப்பலகையைப் பார்க்கத் தவறாதீர்கள். ஜாலான் துன் சம்பந்தன். சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்து, 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வுக்குத் தலைமையேற்றவர் துன் வீ.தி.சம்பந்தன். ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது தொழிலாளர் குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. அவர்களிடமே சிறு தொகையாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்கு 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தோட்டத்தில் பிறந்த ஒருவர் தம் பிள்ளையை அந்தப் பலகைக்குக் கீழே நிற்கவைத்து இந்தக் கதையைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

பிற்பகலில் தேசிய அரும்பொருளகம். கேஎல் சென்ட்ரலிலிருந்து எம்ஆர்டி நிலையத்துக்குப் போகும் நடைபாதை வழியாகவே அரும்பொருளக வாசலை அடையலாம். 1963 ஆகஸ்டு 31இல் திறக்கப்பட்ட இங்கே நான்கு கூடங்கள்: தொல்பழங்காலம், மலாய் அரசுகள், காலனித்துவக் காலம், இன்றைய மலேசியா. மூன்று மணிக்குள் நுழைந்துவிட்டால் அவசரமின்றிப் பார்க்கலாம். பிள்ளைகள் களைத்துப் போயிருந்தால் இரண்டு கூடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாலை இரயிலுக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கேஎல் சென்ட்ரலுக்கு வர நேரம் சரியாக இருக்கும்.

இரட்டைக் கோபுரத்தை விட்டுவிட்டீர்களே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 452 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரங்களைக் கீழே பூங்காவிலிருந்து பார்ப்பதற்குக் காசில்லை. 41, 42ஆம் மாடிகளிலுள்ள வான்பாலத்துக்கும் 86ஆம் மாடிக்கும் ஏறவேண்டுமென்றால் நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்யவேண்டும். திங்கட்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. ஒரே பகலில் பத்துமலையும் கோபுர உச்சியும் என்று திட்டமிட்டால் இரண்டிலும் ஓட்டமே மிஞ்சும்.

குடும்பம் உடன் வந்தால்

மாநாட்டு நேரத்தில் குடும்பம் என்ன செய்யும் என்பதை முன்பே பேசி முடிவு செய்யவேண்டும். ‘பதினொரு மணிக்கு வந்துவிடுகிறேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அமர்வின் நடுவே அறையிலிருந்து வரும் அழைப்புகளுக்குக் குனிந்து பதில் சொல்பவர்களை ஒவ்வொரு மாநாட்டிலும் பார்க்கலாம். மண்டபத்திலும் மனம் இல்லை, குடும்பத்தோடும் இல்லை.

இதற்கு எளிய வழி, குடும்பத்தினர் மாநாட்டின் கடைசி நாள் மாலை வந்து சேர்வது. முதல் இரண்டு நாள் அறைச் செலவும் மிச்சம். சிறு பிள்ளைகளோடு முன்னதாகவே வருவதானால் பெர்டானா தாவரவியல் பூங்கா நல்ல இடம். நிழலும் விளையாடும் இடமும் உண்டு. மண்டபத்தில் இருப்பவர் எப்போது வெளியே வருவார் என்ற நேரம் மட்டும் தெளிவாக இருக்கட்டும். அந்த நேரத்துக்கு முன் அழைப்பு வேண்டாம்.

மாநாடும் இந்த ஊரும்

உலகத் தமிழ் மாநாடுகளின் வரிசையில் முதலாவது நடந்தது சென்னையில் அல்ல, கோலாலம்பூரில். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளாரின் முயற்சியில் 1966 ஏப்ரலில் அது கூடியது. 1987இல் ஆறாவது மாநாடும் 2015இல் ஒன்பதாவது மாநாடும் மீண்டும் இங்கேயே நடந்தன. தமிழுக்கென்று உலகளவில் கூடிப் பேசும் பழக்கம் வேர்விட்ட ஊர் இது. இந்த ஊருக்கு மாநாட்டுக்காக வரும் ஓர் ஆசிரியர், அமர்வைப் பாதியில் விட்டுவிட்டு ஊரைப் பார்க்கப் போவதில் ஏதோ பொருந்தாமல் இருக்கிறது.

பார்த்தவற்றை வேலையோடு சேர்த்துவிட்டால் பயணத்தின் பயன் இரட்டிப்பாகும். டத்தாரானில் எடுத்த நான்கு படம் நாலாம் ஆண்டு வகுப்புக்குப் பாடமாகும். பெயர்ப்பலகை ஒன்று கட்டுரைத் தலைப்பாகும். மாநாட்டில் கேட்ட ஒரு செய்முறையை, ஊர் திரும்பிய வாரத்திலேயே சக ஆசிரியர்களுக்கு அரை மணி நேரம் விளக்கிச் சொன்னால், அனுப்பிய தலைமையாசிரியருக்கும் அடுத்த ஆண்டு இன்னொருவரை அனுப்ப மனம் வரும்.

ஏற்பாட்டாளர்களும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். நிகழ்ச்சியை மாலை ஆறு மணி வரை இழுக்காமல் முதல் நாளை நான்கு மணிக்கு முடித்தால், ஊர் பார்க்க வேண்டியவர்கள் அன்றே பார்த்துவிடுவார்கள். இளைய படைப்பாளர்களைக் கடைசி அமர்வில் தள்ளாமல் முதல் நாள் காலையிலேயே ஓரிருவரை மேடையேற்றலாம். நிறைந்த மண்டபத்தில் ஒரு முறை பேசியவர் அடுத்த ஆண்டும் எழுதுவார்.

அடுத்த முறை மாநாட்டு அழைப்பு வரும்போது, நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கடைசி அமர்வில் பேசுபவரின் பெயரையும் பள்ளியையும் பாருங்கள். திரும்பும் டிக்கெட்டை அதற்கு மறுநாளுக்கு எடுங்கள். அவர் பேசி முடித்ததும் ஒரு கேள்வியாவது கேளுங்கள். பத்துமலை மறுநாள் காலையிலும் அங்கேதான் இருக்கும்.